சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கிற போர்ப்படம்

ஒரு நல்ல போர்ப்படம் வெளிவந்தால், போர்க்களத்துக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் பெரும்பாலும் பாராட்டி எழுதுவார்கள். வன்னியில் அந்தப் பாராட்டு எடுபடாது. இறுதிப்போர் நடந்த 2009 இல் விபரம் தெரிந்த வயதில் இங்கே இருந்தவர்களை யாரும் அங்கே கொண்டுபோய் நிறுத்தத் தேவையில்லை. அதனால் உலகமே மெச்சிய ஒரு போர்ப்படத்தை இங்கே வீட்டில் போட்டுப் பார்க்கும்போது வருகிற அபிப்பிராயங்கள் வேறு திசையில் போகின்றன. அதுவும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரே ரீவிக்கு முன்னால் இருந்த நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 2022 ஒக்ரோபர் இறுதியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஜெர்மன் படம், 'ஆல் குவையட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்'. எரிக் மரியா ரெமார்க் 1929 இல் வெளியிட்ட நாவலை வைத்து எட்வர்ட் பெர்கர் இயக்கியது. முதலாம் உலகப் போரில் ஜெர்மன் படையில் சேர்ந்த ஒரு பள்ளிக்கூடப் பொடியனின் கதை. 2023 இல் நாலு ஒஸ்கார் விருது வாங்கியது. எங்கள் வீட்டுக்கு, புதுக்குடியிருப்புப் பக்கம், அது பென்டிரைவில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் அக்காவின் மகன். பேச்சு ஜெர்மனில், சப்டைட்டில் ஆங்கிலத்தில். அம்மாவுக்கு இரண்டும் ஓடாது. ஆகவே மருமகன் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான், கெட்ட வார்த்தைகளை மட்டும் விழுங்கிவிட்டு. போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளை, போருக்குள் இருந்த கிழவிக்குப் போரை விளங்கப்படுத்துகிறான். வன்னியில் இன்றைக்குப் பல வீடுகளில் நடக்கிற காரியம்தான் இது.

தியேட்டரில் இருட்டு உண்டு, முன்னுக்கு இருக்கிறவரின் தலை உண்டு, எழும்பிப் போனால் காசு வீண் என்ற நினைப்பு உண்டு. வீட்டில் அப்படி எதுவும் இல்லை. ரிமோட் கையில் இருக்கும். லைற் எரியும். இடையில் கரண்ட் போகும். அடுப்பில் சோறு கொதிக்கிறது என்று ஒருவர் எழும்புவார். இப்படிப்பட்ட படங்கள், பார்க்கிறவரைக் கதிரையில் கட்டிப்போட்டு வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. வீட்டில் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. யாருக்கு எது தாங்கவில்லையோ அவர் அந்த இடத்தில் எழும்பிக் கிணற்றடிக்குப் போகலாம். யார் எந்தக் காட்சியில் எழும்பினார் என்பதைக் கவனித்தாலே பாதி விமர்சனம் கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டில் முதலில் நடந்தது சத்தத்தைக் குறைத்ததுதான். படம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் அம்மா, "தம்பி, உதைக் குறை" என்றார். பயந்து சொன்னதாகத் தெரியவில்லை. சலிப்புத்தான் குரலில் இருந்தது. மருமகனுக்குப் பெரிய ஏமாற்றம். இந்தப் படத்துக்காகவே சிநேகிதன் வீட்டிலிருந்து ஒரு ஊஃபர் செற் இரவல் வாங்கி வந்திருந்தான்.

போர்ப்படத்தில் நம்பவைக்கிற வேலையைப் பெரும்பங்கு செய்வது சத்தம்தான் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். 1998 இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரையன்' இதில் ஒரு திருப்பம். நோர்மண்டிக் கடற்கரையில் 1944 ஜூன் 6 அன்று அமெரிக்கப் படை இறங்கியதை ஏறத்தாழ 24 நிமிடம் காட்டுகிறது அதன் தொடக்கப்பகுதி. ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கி, கமராவின் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படச்சட்டத்திலும் வெளிச்சம் விழுகிற நேரத்தைக் கட்டுப்படுத்துகிற திறப்பை, வழமையான 180 பாகையில் வைக்காமல் 90, 45 என்று ஒடுக்கினார். அதனால் ஒவ்வொரு படச்சட்டமும் மங்காமல் கூர்மையாக விழுந்தது; பறக்கிற மண் துணுக்குகூடத் தனித்தனியாகத் தெரிந்தது; அசைவுகள் வெட்டி வெட்டி வந்தன. லென்ஸ்களின் மேற்பூச்சை அகற்றி நிறத்தையும் வெளிறச் செய்தார். குண்டு வெடித்தவுடன் கப்டனுக்குக் காது அடைத்துப் போவதை, சுற்றியுள்ள எல்லாச் சத்தத்தையும் அமுக்கிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த போர்ப்படங்களும் வீடியோ கேம்களும் இந்த முறைகளை விடாமல் எடுத்தாண்டு வருகின்றன. இன்றைக்கு ஒரு பொடியன் ஒரு காட்சியைப் பார்த்து 'உண்மை மாதிரி இருக்கு' என்றால், பெரும்பாலும் அது அந்த 1998 படத்தை மாதிரி இருக்கிறது என்றுதான் பொருள்.

இங்கே மற்றவர்கள் ஒப்பிடுவது படத்தோடு அல்ல. அவர்களின் காதில் வேறொரு பதிவு கிடக்கிறது. செல் விழுவதற்கு முன்பு அதைக் குத்துகிற, அதாவது தூரத்தில் எறிகிற, சத்தம் வரும். மோட்டார் எறிகணை செங்குத்தாக மேலே போய்த் திரும்பி விழுவது. அது வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே குத்தின சத்தம் நிலத்தால் வந்து சேர்ந்துவிடும். அந்த இடைவெளிதான் பங்கருக்குள் ஓடுகிற நேரம். சின்னப் பிள்ளைகளே அதைக் கணக்குப் பார்க்கப் பழகியிருந்தார்கள். டாங்கியிலிருந்து நேரே வருகிற குண்டு அப்படியல்ல. அது சத்தத்தைவிட வேகமாக வருவதால் முதலில் வெடிக்கும், பிறகுதான் சுட்ட சத்தம் கேட்கும். மல்ரிபரல், அதாவது பல்குழல் எறிகணை வண்டி, என்றால் ஒரு வாகனத்தில் 40 குழாய். ஒன்றன்பின் ஒன்றாக 20 விநாடியளவில் எல்லாம் போய் முடியும். அதன் உறுமல் தொடங்கினால் எண்ணுவதில் பிரயோசனம் இல்லை. கூவிக்கொண்டு தலைக்கு மேலால் போகிற செல் எங்களுக்கில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

சினிமாவில் இந்த ஒழுங்கு குழம்பிக் கிடக்கும். ஒரு கிலோமீற்றர் தள்ளி வெடிக்கிறதும் அதே கணத்தில் காதில் விழும். உண்மையில் ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க மூன்று விநாடி எடுக்கும். வெளிச்சம் தெரிந்து ஒரு மூச்சு விட்ட பிறகுதான் சத்தம் வரும். படத்தில் கதாநாயகனை நோக்கி வருகிற செல் கட்டாயம் கூவிக்கொண்டுதான் வரும், ரசிகனுக்குப் பதற்றம் வேண்டும் அல்லவா? அதைப் பார்க்கிற சின்ன மாமா ஒவ்வொரு முறையும் "அது போகுது, அது போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். படத்தில் ஆள் செத்துவிட்டான். மாமா விடவில்லை. "கூவினது எப்படி இவனில விழும்?"

இன்னொன்று, நெருப்பு. பழைய படங்களில் குண்டு விழுந்தால் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தீப்பந்து எழும். அது கமராவுக்காகப் பெற்றோல் வைத்துச் செய்வது. செல் வெடித்தால் கண்ணுக்குத் தெரிவது ஒரு மின்னல், அப்புறம் கரும்புகையும் புழுதியும். ஆளைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத சிதறல்துண்டு. இந்த ஜெர்மன் படம் அந்த விஷயத்தில் நேர்மையானது. மண்தான் எழும்புகிறது. மாமாவும் அதை ஒத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அக்கா முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிற வேலையில் இருக்கிறார். அவருக்குப் போர்ப்படங்களில் பிடிக்காத ஒரு காட்சி உண்டு, இந்தப் படத்தில் அது இல்லை என்பதில் அவருக்குத் திருப்தி. ஒருவன் மிதிவெடியில் காலை வைத்துவிடுவான். 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். காலை எடுத்தால்தான் வெடிக்கும் என்று வேர்வை வழிய நிற்பான். தோழன் வந்து கத்தியால் தோண்டிக் காப்பாற்றுவான். எத்தனை படத்தில் பார்த்தாயிற்று! இங்கே நிலத்தில் கிடந்தவை, இராணுவம் புதைத்த பாகிஸ்தானியத் தயாரிப்பான பி-4 ஆனாலும், புலிகள் மரப்பெட்டியில் செய்த ஜொனி ஆனாலும், மிதித்தவுடன் வெடிப்பவை. யோசிக்க நேரம் தராது. அந்த அக்காவின் வேலை முழங்காலில் இருந்து, முகக்கவசத்துக்குள்ளால் பார்த்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவது. ஒரு நாளைக்குச் சில சதுர மீற்றர்தான் நகரும். அதை உள்ளபடி படம் எடுத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று அவரே சொல்வார்.

இதெல்லாம் பிழை பிடிக்கிற சந்தோஷம். ஒரு மீனவன் கடற்படத்தையும் ஒரு நேர்ஸ் ஆஸ்பத்திரி நாடகத்தையும் பார்க்கிறபோது வருகிறதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அபிப்பிராயம் உண்மையில் பிரிந்தது வேறு இடங்களில்.

படம் தொடங்குவது ஒரு சீருடையில். செத்த வீரனின் உடலிலிருந்து உடுப்பைக் கழற்றுகிறார்கள். மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள். பெரிய தொட்டிகளில் இரத்தம் போகக் கழுவுகிறார்கள். பெண்கள் வரிசையாக இருந்து மெசினில் ஓட்டை தைக்கிறார்கள். அதே உடுப்புப் புதிதாகச் சேர வந்த பொடியனுக்குக் கொடுக்கப்படுகிறது. கழுத்தடியில் வேறு யாரோ ஒருவனின் பெயர் இருக்கிறது. உலகம் முழுக்க விமர்சகர்கள் மெச்சிய காட்சி. அம்மாவுக்கும் அதுதான் படத்திலேயே பிடித்தது. ஆனால் அவர் பார்த்தது மெசின்களை. 2009 மாசி, பங்குனியில் வலைஞர்மடத்திலும் பொக்கணையிலும் கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் நிற்காது. கரை சரிந்து விழும். மண் மூட்டை அடுக்கினால்தான் தப்பலாம். உரப்பை முடிந்துவிட்டது. அப்போது சனம் சேலைகளைக் கிழித்துப் பை தைத்தார்கள். கூறைச்சேலை உட்படத் தைத்தார்கள். மெசின் வைத்திருந்தவர்கள் அதைத் தலையில் சுமந்துகொண்டு இடம்பெயர்ந்திருந்தார்கள், சாப்பாட்டுச் சாமானை விட்டுவிட்டுக்கூட. அம்மா அந்தக் காட்சியில், இவர்களுடைய மெசின் நல்ல மெசின் என்று மட்டும் சொன்னார்.

அகழிகளைப் பற்றி அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவர்கள் ஏன் ஒரே பங்கரில் இருக்கிறார்கள்? நான் முதலில் அதைச் சாதாரணக் கேள்வியாகத்தான் எடுத்தேன். ஆனால் இந்தப் படத்துக்கும் இந்தப் பார்வையாளருக்கும் நடுவில் இருக்கிற தூரம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் கிடக்கிறது. மேற்கு முனையில் 1914 கடைசியில் அகழிப்போர் இறுகிப்போனது. அடுத்த நாலு வருடத்தில் பெரும்பகுதி முன்னரங்கு அதிகம் அசையவில்லை. சில நூறு மீற்றருக்காக இலட்சக்கணக்கானோர் செத்தார்கள்; படத்தின் கடைசியில் வருகிற எழுத்தும் அதைத்தான் சொல்கிறது. அந்தப் போரின் கொடுமை, அசைய முடியாமல் ஒரே சேற்றுக்குள் கிடந்து சாவது. படத்தின் இயக்கம் முழுவதும் அதை வைத்துத்தான்: அதே சேறு, அதே ஏணி, அதே விசில்.

வன்னியில் நடந்தது தலைகீழ். 2007 இல் மன்னார்ப் பக்கம் தொடங்கி முன்னரங்கு நகர்ந்துகொண்டே வந்தது. அதற்கு முன்னால் சனமும் நகர்ந்தது. அடம்பனிலிருந்து வெள்ளாங்குளம், முழங்காவில், அக்கராயன், கிளிநொச்சி; 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி விழுவதற்கு முன்பே தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு; அங்கிருந்து சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். போன இடமெல்லாம் புதுப் பங்கர். வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண் போட்டு, ஒரு கிழமை இருந்துவிட்டு எழும்பிப் போவது. குற்றிகளையும் தறப்பாளையும் கழற்றி லாண்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போவது. பின்னாட்களில் ஏற்றுவதற்கு வாகனமும் இல்லை. எனவே ஒரே பங்கரில் நாலு வருடம் என்பது அம்மாவுக்குக் கொடுமையாகத் தெரியவில்லை, கிட்டத்தட்ட வசதியாகத் தெரிந்தது. இயக்குநர் இதைக் கேட்டால் தலையில் கை வைப்பார்.

மழைக் காட்சிகளில் மட்டும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கருத்து. அகழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர், தொப்பியால் அள்ளி ஊற்றுகிறார்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயலோடு வந்த மழையில் வன்னியில் எத்தனையோ பங்கர்கள் அப்படித்தான் நிரம்பின. உள்ளே இருந்தால் தண்ணீரும் பாம்பும், வெளியே வந்தால் செல்.

அப்புறம் அந்த வாத்து. படத்தில் வருகிற கதாநாயகனும் அவனுடைய வயதான தோழனும் ஒரு பிரெஞ்சு விவசாயியின் பண்ணைக்குள் களவாகப் புகுந்து வாத்தைத் திருடிக்கொண்டு ஓடுவார்கள். கூட்டாளிகளோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவார்கள். போருக்கு நடுவே கொஞ்சம் சிரிப்பும் தோழமையும் என்று வைத்த காட்சி அது. பார்க்கிறவருக்கு அந்தப் பொடியன்களில் அன்பு வர வேண்டும். பிற்பாடு அதே பண்ணைக்குத் திரும்பப் போகும்போது விவசாயியின் சின்ன மகன் அந்தத் தோழனைச் சுட்டுவிடுகிறான். படம் அதைப் பெரிய இழப்பாகக் காட்டுகிறது. எங்கள் வீட்டில் அம்மா கடைசிவரை வாத்துக்காரன் பக்கம். விட்டுவிட்டு வந்த மாடு, கோழி, அறுவடைக்கு நின்ற வயல், பூட்டிவிட்டு வந்து திரும்பிப் போனபோது கூரையும் யன்னலும் இல்லாமல் இருந்த வீடு, எல்லாம் சேர்ந்து அந்தப் பண்ணைக்காரனில் போய் நின்றன. சீருடை போட்டவன் எவ்வளவு நல்ல பொடியனாக இருந்தாலும் அவன் பசி அவருக்குக் கதையாகத் தெரியவில்லை.

தத்ரூபமான போர்ப்படம் என்று பெயர் எடுத்தவை பெரும்பாலும் சிப்பாயின் தோளுக்குப் பின்னால் கமராவை வைத்து எடுத்தவை. அவனுக்குப் பயம் உண்டு, பசி உண்டு, அம்மாவின் நினைவு உண்டு. ஆனால் அவனுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய கிழவனும் பால்மாவுக்கு அழுகிற பிள்ளையும் இல்லை. எங்கள் போரில் சனம் இருந்தது முன்னரங்குக்குப் பின்னால் அல்ல, நடுவில். 2009 ஜனவரி 21 அன்று பாதுகாப்பு வலயம் என்று ஒன்றை அரசாங்கம் அறிவித்தது, பெப்ரவரியில் கடற்கரையோடு இன்னொன்று, மே மாதம் இன்னும் சுருங்கிய மூன்றாவது ஒன்று. அந்த வலயங்களுக்குள் இருந்தவர்கள் நாள்பூராவும் செய்த வேலை சண்டையல்ல. கஞ்சிக்கு வரிசை. தண்ணீருக்கு வரிசை. காயக்காரரை ஏற்றிக்கொண்டு போகிற செஞ்சிலுவைக் கப்பலுக்கு மாத்தளன் கடற்கரையில் காத்திருப்பு. விறகு தேடுதல். மலசலகூடத்துக்கு இடம் தேடுதல், பெண்களுக்கு இருட்டும்வரை பொறுத்திருத்தல். ஒரு போர்ப்படம் எவ்வளவு இரத்தம் காட்டினாலும் இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால், உள்ளே இருந்தவர்களுக்கு அது பாதிப் படமாகத்தான் தெரிகிறது. இரத்தம் குறைவு என்று குறைசொன்னவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. "இவங்கள் எப்ப சாப்பிடுறாங்கள், எங்க தண்ணி எடுக்கிறாங்கள்?" என்று கேட்டவர்கள் நிறைய.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. எலெம் கிளிமோவ் 1985 இல் எடுத்த 'கம் அண்ட் சீ' என்ற சோவியத் படம், நாஜிப்படை பெலருஸ் கிராமங்களை ஆட்களோடு சேர்த்து எரித்ததை ஒரு பொடியனின் கண்ணால் காட்டுகிறது. அப்படி எரிக்கப்பட்ட கிராமங்கள் 628 என்று படத்தின் கடைசியில் எழுத்து வரும். காது அடைத்துப் போவதைச் சத்தத்தாலேயே காட்டுகிற உத்தியை ஸ்பீல்பெர்க்குக்கு 13 வருடம் முன்னரே கிளிமோவ் செய்துவிட்டார். அதில் ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது, விட்டுப்போன, சூடு ஆறாத சூப் இருக்கிறது. சின்ன மாமா அதைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். படம் சரியில்லை என்றல்ல. நிறுத்தச் சொன்னதே அவர் கொடுத்த மதிப்பெண் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னர் ஆயுதம் தூக்கியவர்கள் படம் பார்க்கிற விதம் தனி. அவர்கள் நிலத்தைப் பார்க்கிறார்கள். ஏன் இவன் அந்த மேட்டில் நிற்கிறான், பின்வாங்குகிற பாதை எங்கே, எத்தனை ரவுண்ட்ஸ் அடித்துவிட்டான், மகசீன் மாற்றவில்லையே! காயப்பட்டவனைத் தூக்குகிற காட்சி வந்தால் பேச்சு நின்றுவிடும். அதற்குமேல் அவர்களும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

மருமகனின் கணக்கு வேறு. அவனுக்கு முதலாம் உலகப் போர் பாடப்புத்தகத்தில் வந்தது. துவக்குகள் கேமில் வந்தவை. பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் விளையாடி எந்தத் துவக்கின் பெயர் என்ன என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். படத்தில் டாங்கிகள் புகைக்குள்ளிருந்து வருகிற இடத்தில் எழும்பி நின்றுவிட்டான். ஒளிப்பதிவு, மேக்கப், மூன்றே சுரத்தில் இரைகிற அந்த இசை, எல்லாம் அவனுக்குத்தான் சரியாகப் போய்ச் சேர்ந்தன. அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. படம் எடுத்தவர்கள் மனதில் வைத்திருந்த பார்வையாளன் அவன்தான்: போரை அறியாதவன், அறிய விரும்புகிறவன், சத்தத்தைக் கூட்டுகிறவன். ஆனால் படத்தின் இடையிடையே அவன் திரும்பி அம்மம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் 2009 ஐ உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு ஜெர்மன் அகழியைக் காட்டி, "இப்படியா இருந்தது?" என்று கேட்பது அவனுக்குச் சுகமாக இருந்தது. அம்மாவுக்கும் "இல்லை, இப்படியில்லை" என்று தொடங்குவது சுகமாக இருந்தது. நேரே கேட்டிருந்தால் இரண்டு பேருமே எழும்பிப் போயிருப்பார்கள்.

இப்படிப் படங்களை இப்படி வீடுகளில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 'சேவிங் பிரைவேட் ரையன்' வந்தபோது அமெரிக்காவில் பழைய போர்வீரர்கள் சிலர் தியேட்டரை விட்டு எழும்பிப் போனார்கள். அந்த நாட்டின் படைவீரர் நலத் திணைக்களம், படம் பார்த்துக் குழம்பியவர்கள் அழைத்துப் பேசுவதற்கென்று ஒரு இலவசத் தொலைபேசி இலக்கமே வைத்தது. அதாவது, 50 வருடத்துக்கு மேலான பிறகும் ஒரு படத்தின் சத்தம் பழைய காயத்தைக் கிளப்பும் என்று ஒரு அரசாங்கம் ஒத்துக்கொண்டது. இங்கே அந்த மாதிரி ஏற்பாடு இல்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வடக்கில் நீண்டகாலம் வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி எழுதும்போது, இந்தக் காயத்தைத் தனித்தனி ஆளின் நோயாக மட்டும் பார்க்க முடியாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட கூட்டுக்காயம் இது என்று வலியுறுத்தியிருக்கிறார். அதை வைத்துப் பார்த்தால், ஒரு அமெரிக்கக் கிழவர் இருட்டுத் தியேட்டரில் தனியே இருந்து பார்ப்பதும், இங்கே லைற் எரிய, ஆறு பேர் கதைத்துக்கொண்டு, ஒருவர் தேங்காய் துருவிக்கொண்டு பார்ப்பதும் ஒன்றல்ல. என் அபிப்பிராயம்: தனியே பார்க்க வேண்டாம், ஊஃபர் வேண்டாம், ரிமோட் பெரியவர் கையில் இருக்கட்டும். கடற்கரைக் காட்சி வருகிற படங்களை இரவில் போட வேண்டாம். அவ்வளவுதான். தடுத்து வைப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பிள்ளைகள் போனில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

படத்தின் முடிவைப் பற்றி ஜெர்மனியிலேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. 1918 நவம்பர் 11 அதிகாலை ஐந்து மணியளவில் போர்நிறுத்தம் கையெழுத்தாகிறது. காலை 11 மணிக்கு அமுலுக்கு வரும். படத்தில் ஒரு ஜெர்மன் ஜெனரல், மானம் போய்விடக் கூடாதென்று, 11 மணிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது கடைசித் தாக்குதலுக்கு ஆட்களை அனுப்புகிறார். கதாநாயகன் அதில்தான் சாகிறான். நாவலில் இது இல்லை, வரலாற்றிலும் அப்படியொரு ஜெர்மன் தாக்குதல் நடக்கவில்லை, நம்ப முடியாத இட்டுக்கட்டல் என்று அங்கே கடுமையாக எழுதினார்கள். ஆனால் அந்தக் காலையில் சண்டை நடந்தது உண்மை. இரண்டு பக்கமும் சேர்த்து அன்றைக்கு மட்டும் ஏறக்குறைய 2,700 பேர் செத்தார்கள். ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் செத்தது 10.59 மணிக்கு.

எங்கள் வீட்டில் அந்தத் தாக்குதலை நம்பாதவர் ஒருவரும் இல்லை. 2009 மே 16 அன்று ஜோர்தானில் வைத்து ஜனாதிபதி வெற்றியைச் சொல்லிவிட்டார், 19 ஆம் திகதி நாடாளுமன்றத்தில் அறிவித்தார். நடுவில், முள்ளிவாய்க்காலை ஒட்டிய வட்டுவாகல் பக்கம் என்ன நடந்தது என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஜெனரலைப் பற்றி மாமா, "செய்வாங்கள்" என்றதோடு சரி. வாக்குவாதம் வந்தது வேறு விஷயத்தில். ஐந்து மணிக்குக் கையெழுத்து வைத்தவர்கள் ஏன் பதினொரு மணி என்று நேரம் குறித்தார்கள்? மருமகன் போனில் தேடி, செய்தி எல்லா முனைக்கும் போய்ச் சேர நேரம் வேண்டும் என்றான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்திலேயே போன் இருந்ததுதானே என்றார். இருந்தது. தளபதிகளுக்கு அறிவித்தலும் காலையிலேயே போயிருந்தது.